டிராக்டர் கிளட்ச் மிதிக்கக் கனமாக இருக்கிறதா? ஹைட்ராலிக் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

சேற்றுழவு நாட்களில் டிராக்டர் ஓட்டுபவரின் இடது காலுக்கு எவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் ஏக்கர் நிலத்தைச் சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். ஒன்றரை மீட்டர் அகல ரோட்டாவேட்டர் ஒரு சால் முடிக்க 42 முறை போய்வர வேண்டும். இரண்டு சால் என்றால் 84 திருப்பம். திருப்பத்துக்கு ஒருமுறைதான் கிளட்ச் மிதிக்கிறார் என்றாலும், நாளைக்கு 4 ஏக்கர் ஓட்டினால் 336 முறை. ஒவ்வொரு மிதிக்கும் 25 கிலோ அழுத்தம் தேவைப்படும் வண்டியாக இருந்தால், அந்த ஒரு கால் ஒரே நாளில் 8 டன்னுக்கு மேல் தள்ளியிருக்கிறது. சின்னச் சின்ன வயல்களில் திருப்பம் இன்னும் அதிகம். லோடர் மாட்டிய வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முழங்கால் வலி, இடுப்பு வலி என்று டிராக்டர் ஓட்டுவதையே விட்டவர்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொள்ள முன்வந்து, கிளட்சை முழுதாக மிதிக்க முடியாமல் பின்வாங்குவதும் நடக்கிறது. அதனால் பயிற்சிகளில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது: "கிளட்சை ஹைட்ராலிக்காக மாற்றிவிட்டால் பெடல் லேசாகிவிடுமா?"

இந்தக் கேள்வி பெரும்பாலும் செல்பேசியில் பார்த்த வீடியோவிலிருந்து வருகிறது. மணல்மேட்டில் பந்தயம் ஓடும் பக்கி வண்டிகளுக்கு ஹைட்ராலிக் கிளட்ச் மாட்டி, ஒரு விரலால் பெடலை அழுத்திக் காட்டுகிறார்கள். அந்த வண்டிகளில் அது நியாயமான மாற்றம்தான். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் அடிப்பாகத்தை வைத்துக் கட்டிய பக்கிகளில் இன்ஜின் பின்னால் இருக்கிறது, பெடல் முன்னால் இருக்கிறது. நடுவில் வண்டி நீளத்துக்கும் கேபிள் ஓடுகிறது. மணல் புகுந்து கேபிள் இறுகினால் பெடல் கனக்கும். கேபிளை எடுத்துவிட்டு எண்ணெய்க் குழாய் போட்டால் அந்த உராய்வு போய்விடும். நம் டிராக்டரில் பெடலுக்கும் கிளட்சுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு சிறிய இரும்புக் கம்பிதான். அங்கே உராய்வு வேறு இடத்தில் இருக்கிறது. அதனால் பணத்தை எடுக்கும் முன் கனம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

கனம் எங்கிருந்து வருகிறது?

கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பது பிரஷர் பிளேட்டில் உள்ள ஸ்பிரிங். நீங்கள் பெடலை மிதிக்கும்போது அந்த ஸ்பிரிங்கை எதிர்த்துத்தான் மிதிக்கிறீர்கள். இன்ஜின் குதிரைத்திறன் கூடக்கூட ஸ்பிரிங்கும் பலமாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பாரம் ஏறும்போது கிளட்ச் வழுக்கும், பிளேட் கருகும். ஆகவே ஸ்பிரிங்கின் கனத்தைக் குறைப்பது வழியல்ல. "பெடல் லேசாக இருக்கும்" என்று சொல்லி எந்தக் கடையாவது பலம் குறைந்த பிரஷர் பிளேட்டைக் காட்டினால் வாங்காதீர்கள். முதல் கரும்பு லோடிலேயே அதன் விலை தெரிந்துவிடும்.

இரட்டை கிளட்ச் உள்ள டிராக்டரில் இன்னொரு விஷயம் உண்டு. பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், முழுதும் மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். இரண்டாம் பாதியில் கனம் கூடுவது அதன் இயல்பு, பழுது அல்ல.

ஆனால் வாங்கியபோது லேசாக இருந்த பெடல் போகப்போகக் கனத்திருந்தால் அது பழுதுதான். காரணங்கள் பெரும்பாலும் மலிவானவை. பெடல் திரும்பும் அச்சிலும் கிராஸ் ஷாஃப்ட் புஷ்ஷிலும் கிரீஸ் வற்றிப்போயிருக்கும். சேற்றுழவுக்குப் பிறகு வண்டியை வேகமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுகிறோம். இருந்த கிரீஸும் போய், துருப் பிடித்து, அச்சு இறுகிவிடுகிறது. கிரீஸ் நிப்பிள் மண்ணால் அடைத்திருந்தால், கிரீஸ் அடித்தது போல நமக்குத் தெரியும், உள்ளே ஒரு சொட்டும் போயிருக்காது. அடுத்து, ரிலீஸ் பேரிங் ஏறி இறங்கும் குழல் கரடுமுரடாகியிருக்கலாம். ஃபோர்க்கின் முனை தேய்ந்து கோணலாகத் தள்ளலாம்.

கிளட்ச் பிளேட் தேய்வதும் ஒரு காரணம். இது பலருக்குத் தெரிவதில்லை. டயாஃப்ரம் ஸ்பிரிங் வகை பிரஷர் பிளேட்டில், பிளேட் தேயத்தேய ஸ்பிரிங் விரல்களின் நிலை மாறி, விடுவிக்கத் தேவையான அழுத்தம் கூடும். பெடல் மெல்லமெல்லக் கனத்துக்கொண்டே வந்து, சும்மா ஆடும் தூரமும் குறைந்துகொண்டே வந்தால், பிளேட் மாற்றும் காலம் நெருங்குகிறது என்று பொருள். இந்த நிலையில் ஹைட்ராலிக் மாட்டுவது ஓட்டைப் பானைக்கு வண்ணம் அடிப்பது போன்றது.

தராசு போட்டுப் பாருங்கள்

பருத்தி மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசு வீட்டில் இருந்தால் போதும். இன்ஜினை அணைத்து, கைபிரேக் போட்டு, பெடலின் மிதிபரப்பில் கயிறு கட்டித் தராசை மாட்டி, பெடல் போகும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். அதிகபட்சம் எத்தனை கிலோ காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். பிறகு கம்பியைப் பெடலிலிருந்து கழற்றிவிட்டு, பெடலை மட்டும் இழுத்துப் பாருங்கள். திரும்பவைக்கும் ஸ்பிரிங்கின் இழுவை மட்டும்தான் தெரிய வேண்டும். அதற்கு மேல் பிடித்தம் இருந்தால், இழுக்கும்போதும் விடும்போதும் திக்கித்திக்கி வந்தால், கோளாறு அச்சில்தான். கழற்றி, துரு நீக்கி, புஷ் தேய்ந்திருந்தால் மாற்றி, கிரீஸ் அடித்து, மறுபடி நிறுத்துப் பாருங்கள். அதிலேயே தேவையான அளவு கனம் குறைந்துவிட்டால் வேறு செலவே வேண்டாம்.

சும்மா ஆடும் தூரத்தையும் அளந்துவிடுங்கள். பல டிராக்டர்களில் இது 20 முதல் 30 மி.மீ. இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரியானது.

ஹைட்ராலிக் என்ன செய்கிறது, என்ன செய்யாது

ஹைட்ராலிக் கிளட்சில் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் குழாய் வழியாகப் போய் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். அது ஃபோர்க்கைத் தள்ளும். இதில் இன்ஜின் பம்பின் உதவி எதுவும் கிடையாது. தள்ளுவது உங்கள் கால்தான்.

கடப்பாரையால் பாறையை நெம்பும்போது பிடியை நீளமாக வைத்தால் கைக்கு லேசாக இருக்கும். ஆனால் கையை ஒரு முழம் இறக்கினால் பாறை ஒரு விரற்கடைதான் எழும். ஹைட்ராலிக்கும் அதே கணக்குதான். கனம் குறைந்தால் தூரம் கூடும். இரண்டையும் ஒன்றாகக் குறைத்துத் தரும் சிலிண்டர் எந்தக் கடையிலும் இல்லை.

ஒரு கணக்கு போடுவோம். உங்கள் ஃபோர்க் முனையில் கிளட்சை விடுவிக்க 200 கிலோ அழுத்தமும் 14 மி.மீ. நகர்வும் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலின் அச்சிலிருந்து மிதிபரப்பின் நடுவரை 300 மி.மீ., அச்சிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் ஊசிவரை 50 மி.மீ. என்றால் பெடல் விகிதம் 6. சும்மா ஆடும் தூரம் போக, கால் 120 மி.மீ. இறங்கும். அப்போது மாஸ்டர் பிஸ்டன் 20 மி.மீ. நகரும்.

மாஸ்டர் சிலிண்டர் முக்கால் இஞ்ச், ஸ்லேவ் ஏழெட்டு இஞ்ச் போட்டால் காலுக்கு சுமார் 24.5 கிலோ கனம் வரும். ஸ்லேவ் 14.7 மி.மீ. நகரும். தேவை 14. கிளட்ச் சரியாக விடும்.

பெடல் இன்னும் லேசாக வேண்டும் என்று மாஸ்டரை மட்டும் ஐந்தெட்டு இஞ்சுக்குக் குறைத்தால் கனம் 17 கிலோவாக இறங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்லேவ் 10.2 மி.மீ. தான் நகரும். கிளட்ச் முழுதாக விடாது. கியர் போடும்போது கரகரவென்று பல் தேயும். கிளட்ச் மிதித்த பிறகும் வண்டி மெல்ல முன்னால் நகரும். முழுதும் விடுவிக்கப் பெடல் 165 மி.மீ. இறங்க வேண்டியிருக்கும். கால்மிதி தகரம் அதற்கு முன்பே தடுத்துவிடும். மாஸ்டரை முக்கால் இஞ்சிலேயே விட்டு, ஸ்லேவை ஒரு இஞ்சாகப் பெரிதாக்கினாலும் இதே கதைதான். கனம் 18.7 கிலோ, நகர்வு 11.2 மி.மீ.

சிலிண்டரின் விட்டம் கொஞ்சம் மாறினாலும் பரப்பு நிறைய மாறும் என்பதை இங்கே கவனியுங்கள். முக்கால் இஞ்ச் 19 மி.மீ., ஐந்தெட்டு இஞ்ச் 15.9 மி.மீ. வித்தியாசம் மூன்று மி.மீ. தான். ஆனால் ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள்: 361, 253. முப்பது விழுக்காடு குறைந்துவிட்டது. கடைக்காரர் "ஒரு சைஸ்தானே சார் வித்தியாசம்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

அப்படியானால் லேசாக்கவே முடியாதா? முடியும். உங்கள் பெடலில் மீதித் தூரம் இருந்தால் முடியும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெடலை முழுதும் மிதித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே விட்டு, எந்த உயரம்வரை கியர் சத்தமில்லாமல் விழுகிறது என்று திறந்த வெளியில் ஆளில்லாத இடத்தில் பாருங்கள். பயனுள்ள 120 மி.மீ. தூரத்தில் 80 மி.மீ. மிதித்தாலே கிளட்ச் விட்டுவிடுகிறது என்றால், உங்களிடம் 40 மி.மீ. கையிருப்பு இருக்கிறது. அந்தக் கையிருப்பைக் கொடுத்து கனத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன ஐந்தெட்டு இஞ்ச் மாஸ்டர் அந்த வண்டிக்குச் சரியாக வரும், பெடல் சுமார் 115 மி.மீ. இறங்கினால் போதும். கையிருப்பு இல்லாத வண்டிக்கு அதே மாஸ்டர் ஆகாது. பக்கத்து ஊர்க்காரர் வண்டியில் நன்றாக இருக்கிறது என்பதற்காக அதே அளவை வாங்கிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

கம்பி வைத்த பழைய முறையிலும் இதையே செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பியை மாட்டும் கையை நீட்டினாலும் பெடலை நீட்டினாலும் அதே கொடுக்கல் வாங்கல்தான். என்னைக் கேட்டால், கம்பி நேராக ஓடும் டிராக்டருக்கு ஹைட்ராலிக் மாற்றுவதால் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. நீளமான கேபிள் ஓடும் வண்டி, வளைந்து நெளிந்து கம்பி போகும் வண்டி, மலைத் தோட்டங்களில் சுமை ஏற்றும் பழைய ஜீப், ஊரிலேயே கட்டிய தோட்ட வண்டி இவற்றுக்குத்தான் அது பொருந்தும்.

மாற்றுவது என்று முடிவெடுத்தால்

ஸ்லேவ் சிலிண்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெளியே ஃபோர்க் பக்கத்தில் மாட்டுவது. இன்னொன்று ஷாஃப்டைச் சுற்றி உள்ளேயே உட்காருவது, அதில் ரிலீஸ் பேரிங்கும் சேர்ந்தே இருக்கும். உள்ளே இருப்பது உராய்வில்லாமல் அழகாக வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் ஐம்பது ரூபாய் ரப்பர் கசிந்தாலும் வண்டியை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். நடவு நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பண்ணை வேலைக்கு வெளியே மாட்டும் வகையையே பரிந்துரைக்கிறேன். தள்ளும் கம்பி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும்படி மரை வைத்ததாக இருக்கட்டும்.

மாஸ்டர் சிலிண்டர் வாங்கும்போது, பழைய பிரேக் மாஸ்டரை மலிவு விலையில் தள்ளிவிடுவார்கள். சில டிரம் பிரேக் மாஸ்டர்களின் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைப்பது அதன் வேலை. பிரேக்குக்கு அது தேவை. கிளட்சுக்குப் போட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுத்தப்பட்டே இருந்து சீக்கிரம் போய்விடும். கிளட்சுக்கென்றே செய்த மாஸ்டர்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

குழாயில் சிக்கனம் வேண்டாம். ரப்பர் ஹோஸ் பழசானால் மிதிக்கும்போது ஊதிக்கொள்ளும். ஊதிய அளவுக்கு ஸ்லேவின் நகர்வு குறையும். வளையாத இடங்களில் உலோகக் குழாய், அசையும் இடத்தில் மட்டும் பின்னல் கம்பி போர்த்திய ஹோஸ் என்று அமைத்தால் நல்லது. சைலன்சரை ஒட்டியோ, சேறு அள்ளும் சக்கரத்தின் பக்கமோ குழாய் போகக் கூடாது.

எண்ணெயில் தவறு செய்தால் எல்லாமே வீண். பிரேக் ஆயிலுக்கென்று செய்த சிலிண்டரில் டாட் 3 அல்லது டாட் 4 என்று மூடியில் எழுதியிருக்கும். அதில் இன்ஜின் ஆயிலோ, கியர்பாக்ஸ் ஆயிலோ ஒரு கரண்டி ஊற்றினால்கூட உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போகும். மாறாக, சில டிராக்டர்களின் சிலிண்டர்கள் கனிம எண்ணெய்க்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் பிரேக் ஆயில் ஊற்றக் கூடாது. மூடியைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. திறந்து மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்த டப்பாவைப் பயன்படுத்த வேண்டாம். பெயின்ட் மீது சிந்தினால் உரிந்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ரப்பர் பாகங்களை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அது ஆகாது.

மாட்டிய பிறகு ஏர் எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் ஸ்லேவில் உள்ள நிப்பிளைத் திறந்து, எண்ணெயும் குமிழியும் வந்ததும் மூடிய பிறகே பெடலை விட வேண்டும். குமிழி நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். இடையில் மேல் டப்பாவில் எண்ணெய் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிப்பிள் ஸ்லேவின் உச்சியில் இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் இருந்தால் எத்தனை முறை மிதித்தாலும் காற்று போகாது. அப்படி இருந்தால் ஸ்லேவைக் கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி சாய்த்துப் பிடித்து, அதன் பிஸ்டன் வெளியே வந்துவிடாதபடி கட்டிவைத்து ஏர் எடுங்கள்.

பெடலின் பயணத்துக்கு ஒரு தடுப்பும் வைத்தாக வேண்டும். ஹைட்ராலிக்கில் அளவுக்கு மீறித் தள்ளினாலும் காலுக்குத் தெரியாது. டயாஃப்ரம் விரல்கள் வளைந்துபோகும். கிளட்ச் முழுதும் விட்டபின் கொஞ்சம் கூடுதல் தூரம் கொடுத்து, அங்கே ஒரு போல்ட்டைத் தடுப்பாக நிறுத்திவிடுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்டது

இரட்டை கிளட்ச் டிராக்டரில் இந்த மாற்றத்தை உள்ளூர்ப் பட்டறையில் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். நகர்வு சில மி.மீ. குறைந்தால், சக்கரம் நிற்கும், பி.டி.ஓ. நிற்காது. ஓட்டுபவர் முழுதும் மிதித்துவிட்டதாக நினைப்பார். பின்னால் கதிரடிக்கும் இயந்திரத்திலோ ரோட்டாவேட்டரிலோ கை வைத்தவருக்கு அது தெரியாது. எந்த வகை கிளட்சாக இருந்தாலும், பி.டி.ஓ. லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இன்ஜினை அணைத்த பிறகே கருவியின் பக்கம் போக வேண்டும்.

பல டிராக்டர்களில் கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு சுவிட்ச் பெடலோடு இணைந்திருக்கும். பெடலை மாற்றும்போது அந்த சுவிட்ச் சரியாகத் தொடவில்லை என்று ஒயரை நேராக இணைத்துவிடுகிறார்கள். கியரில் நிற்கும் வண்டி சாவி போட்டதும் பாய்வதற்கு அதுவே போதும். சுவிட்சின் இடத்தை மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள்.

ஹைட்ராலிக் போட்ட வண்டியில் எண்ணெய் கசிந்துவிட்டால் பெடல் முன்னறிவிப்பில்லாமல் அப்படியே கீழே போய்விடும், கிளட்ச் விடாது. அப்போது பதறாமல் ஆக்சிலரேட்டரைக் குறைத்து, இன்ஜினை நிறுத்தும் குமிழை இழுத்து, பிரேக் போட வேண்டும். வண்டி ஓட்டும் எல்லோருக்கும், குறிப்பாகப் பகுதி நேரமாக ஓட்டும் பிள்ளைகளுக்கு, இதை நேரில் செய்துகாட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை டப்பாவில் எண்ணெய் அளவையும் ஸ்லேவின் ரப்பர் உறைக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

புதிதாக டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி தேவையில்லை. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் வெளியிடும் டிராக்டர் சோதனை அறிக்கைகளில், பெடல்களை இயக்க எவ்வளவு விசை தேவை என்பதும் அளந்து கொடுக்கப்படுகிறது. விற்பனையாளரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் தகடுகளைப் பம்ப் அழுத்தத்தால் இயக்கும் வகையில், கால் ஒரு வால்வை மட்டும்தான் நகர்த்துகிறது. பெடல் உண்மையிலேயே லேசாக இருக்கும். விலையும் பழுதுபார்க்கும் செலவும் கூடுதல். லோடர் வேலை அதிகம் உள்ளவர்கள் யோசிக்கலாம். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் கிளட்ச் அமைப்பை வெளியே மாற்றினால் உத்தரவாதம் மறுக்கப்படலாம் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தராசில் கிடைத்த எடை, சும்மா ஆடும் தூரம், எந்த உயரத்தில் கிளட்ச் விடுகிறது என்ற அளவு இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், உங்கள் கோட்டத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலோ அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.